சட்டையைச் சட்டை செய்யும் அதிகாரம்

அந்தமானில் மனிதன் தன் மார்பின்மேல் எதையும் எழுதிக்கொள்ளுமுன்பே அரசு அங்கே எழுதிவிட்டது. பிரிட்டிஷ் தண்டனைக் குடியேற்றத்தில் கைதியின் கழுத்தில் ஓர் இரும்பு வளையம் மாட்டப்பட்டது. அதில் தொங்கிய மரவில்லையில் அவரது எண், தண்டிக்கப்பட்ட சட்டப்பிரிவு, தண்டனை தொடங்கிய நாள், விடுதலைக்குரிய நாள் ஆகியன பொறிக்கப்பட்டிருந்தன. ஆபத்தானவர் என்று சிறை நிர்வாகம் கருதியவருக்கு ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, எதற்காகப் போராடினார் என்ற குறிப்பும் இல்லை. மார்பைப் பார்த்தவுடன் அதிகாரிக்குத் தேவையான அனைத்தும் தெரிந்துவிடும். அதிகாரிக்குத் தேவைப்படாதது எதுவும் அதில் இராது.

1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் அந்த வில்லையைச் சுமந்தவர்களுக்கு எழுதுவதற்கு வேறு துணி இருக்கவில்லை. தங்கள் பசியையே எழுத்தாக்கினர். 1933ஆம் ஆண்டு உண்ணாநிலைப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். 1935 மே நாளில் அதே சிறைச்சுவர்களுக்குள் கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் தோன்றியது. 1937 ஜூலையில் தொடங்கிய அடுத்த உண்ணாநிலைப் போராட்டம் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அரசியல் கைதிகளைத் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலைக்குக் காலனியாட்சி தள்ளப்பட்டது.

இந்த வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால்தான் 2025 மார்ச் 20 அன்று நாடாளுமன்றத்தில் நடந்தது என்ன என்பது விளங்கும். தொகுதி மறுவரையறை நியாயமாக நடைபெற வேண்டும், தமிழ்நாடு போராடும், தமிழ்நாடு வெல்லும் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்ட டி-சர்ட்டுகளை அணிந்து தி.மு.க. உறுப்பினர்கள் அவைக்கு வந்தனர். அவைத்தலைவர் ஓம் பிர்லா விதிகளையும் அவையின் மாண்பையும் நினைவூட்டி, வெளியே சென்று உடை மாற்றிக்கொண்டு வருமாறு அறிவுறுத்தினார். உறுப்பினர்கள் இணங்கவில்லை. மக்களவை மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டு, இறுதியில் அன்றைய நாள் முழுவதும் முடங்கியது.

நம் பேச்சு வழக்கில் ஒன்றைப் பொருட்படுத்துவதைச் ‘சட்டை செய்தல்’ என்கிறோம். விவசாயிகள் ஓராண்டுக்கும் மேலாகத் தில்லியின் எல்லையில் அமர்ந்திருந்தபோது சட்டை செய்யாத அரசு, மணிப்பூர் பற்றியெரிந்தபோது சட்டை செய்யாத அரசு, ஒரு பருத்திப் பனியனை இவ்வளவு சட்டை செய்தது வியப்புக்குரியதே. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி உறைநிலையில் வைக்கப்பட்டுள்ள இடங்களின் எண்ணிக்கை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பை ஒட்டி மாற்றப்படவுள்ளது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் குரல் அதனால் ஒடுங்குமா என்பது நாட்டின் கூட்டாட்சியைத் தொடும் வினா. அந்த வினாவுக்கு அவையில் விடை கிடைக்கவில்லை. ‘உடையை மாற்றி வா’ என்பதே கிடைத்த விடை.

அவையின் மாண்பு என்கிறார்கள். சரி, மாண்பையே பேசுவோம். 2015 ஜனவரி 25 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமாவை வரவேற்ற பிரதமர் அணிந்திருந்த கோட்டை நாடு மறக்கவில்லை. தூரத்தில் கோடுகளாகத் தெரிந்தவை, கிட்டப்பார்வையில் அவருடைய முழுப்பெயரின் எழுத்துகள். மேலிருந்து கீழாக, மீண்டும் மீண்டும், அவர் பெயரே. அடுத்த மாதம் சூரத்தில் அந்த உடை 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அது நாடாளுமன்றத்துக்குள் அணியப்பட்டதன்று என்று வழக்காடுவோர் இருக்கலாம். அவர்கள் 2023 செப்டம்பரை நினைவுகூரட்டும். புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது நாடாளுமன்ற ஊழியர்களுக்கென வடிவமைக்கப்பட்ட புதிய சீருடைச் சட்டையில் தாமரை அச்சிடப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. கேட்டவர்களுக்குத் தேசிய மலர் என்று விளக்கம் தரப்பட்டது. தேசிய விலங்கு புலி. தேசியப் பறவை மயில். அச்சுக்குக் கிடைத்தது என்னவோ ஆளும் கட்சியின் தேர்தல் சின்னமாகவும் அமைந்துவிட்ட மலர்தான். தன் பெயரை எழுதிய கோட்டும், சின்னத்தை எழுதிய சீருடையும் மாண்புக்கு இழுக்கில்லை. தாம் பிரதிநிதித்துவம் செய்யும் மக்களின் கோரிக்கையை எழுதிய பனியன் மட்டும் இழுக்கு.

டி-சர்ட்டு இளைஞர்களின் விளையாட்டு, மேலை நாட்டு மோகம், அதில் அரசியலைத் தேடுவது வீண் என்று கருதும் பெரியவர்கள் நம் அணிகளிலும் உண்டு. அவர்களுக்குச் சங்க இலக்கிய மரபு ஒன்றை நினைவூட்டலாம். புறத்திணைகள் பூக்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வெட்சி சூடியவன் ஆநிரை கவரப் புறப்பட்டான். கரந்தை சூடியவன் அதை மீட்கப் புறப்பட்டான். நொச்சி மதில் காப்பவனுக்கு, உழிஞை மதிலை வளைப்பவனுக்கு, தும்பை நேருக்கு நேர் பொருதுபவனுக்கு. எழுத்தறிவு பரவாத காலத்தில் உடலின்மேல் தரித்த பூவே அவனது நோக்கத்தை ஊருக்குச் சொல்லிற்று. அச்சு இயந்திரமும் பின்னல் துணியும் வந்தபின் அதே வேலையைப் பனியன் செய்கிறது. புதிதென்று அஞ்ச எதுவும் இல்லை.

சட்டையில் என்ன எழுதலாம் என்ற வினாவுக்கு முன்பாக, சட்டையை யார் அணியலாம் என்ற வினாவை இந்த மண்ணின் உழைப்பாளி மக்கள் எதிர்கொண்டனர். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடினர். 1859இல்தான் அரச ஆணை, அதுவும் நிபந்தனைகளோடு, பிறந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் ஆடை உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் அணியக்கூடாது என்பன அத்தடைகளுள் அடங்கும். பனியன் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாசகம் ஏதும் அச்சிடாத வெறும் பனியனே சாதி ஆதிக்கத்தின் கண்ணுக்கு முழக்கமாகத் தெரிந்தது.

கறுப்புச் சட்டையின் கதையும் இதன் தொடர்ச்சிதான். திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையை 1948இல் சென்னை மாகாண அரசு தடை செய்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 2023 ஜூனில், ஆளுநர் ரவி பங்கேற்ற பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடை அணிந்து வர வேண்டாம் என்று சேலம் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியார் பல்கலைக்கழகம். கண்டனம் எழுந்ததும் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதை எழுதிய கை அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்தே எழுதியது.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. திருநர் உரிமை குறித்து 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நால்சா தீர்ப்பு, ஒருவர் தம் அடையாளத்தை உடையின் வழியே வெளிப்படுத்துவது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு காக்கும் கருத்துரிமையின் பகுதி என்று தெளிவாக உரைத்தது. ஆயினும் எட்டாண்டுகளில், கர்நாடகக் கல்லூரி வாயிலில் முக்காட்டோடு நின்ற இஸ்லாமிய மாணவிகளுக்கு அந்த உரிமை எட்டவில்லை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அமர்வு இருவேறாகப் பிளந்து நின்றது. மாணவிகளுள் பலருடைய கல்வி ஆண்டு அதற்குள் போய்விட்டது.

உரிமை என்பதாலேயே மார்பில் எழுதப்படும் அனைத்தும் போற்றத்தக்கது என்று ஆகிவிடாது. தென் மாவட்டங்களில் குருபூசை நாட்களில் சாதிப் பெருமையும் ஆண்ட பரம்பரைக் கூச்சலும் அச்சிட்ட பனியன்கள் வீதிகளை நிறைக்கின்றன. பள்ளி மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு ஏறியுள்ளது. நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவர் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, இத்தகைய அடையாளங்களைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இதையும் ‘தனிமனித வெளிப்பாடு’ என்று சொல்லித் தப்பிக்க முயல்வோர் உண்டு. வெட்டரிவாளை மார்பில் வரைந்துகொண்டு வருபவன் தன்னை வெளிப்படுத்துவதாகச் சொல்கிறான்; எதிரில் வரும் சிறுவன் பாதையை மாற்றிக்கொள்கிறான். யாரை நோக்கிப் பேசுகிறது, மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைக் கொண்டே ஒரு பனியனை எடைபோட வேண்டும்.

தனிமனித வெளிப்பாடு என்ற அந்தச் சொற்றொடரைச் சந்தை வேறு விதமாகவும் கையாள்கிறது. 1960 மார்ச் 5 அன்று, லா கூப்ர் கப்பல் வெடிப்பில் மாண்டவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில், சே குவேராவின் முகத்தை ஹவானாவில் ஆல்பெர்ட்டோ கோர்டா படம்பிடித்தார். அந்தப் படத்துக்காக அவர் உரிமைத்தொகை கேட்டதில்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்மிர்னாஃப் வோட்கா விளம்பரத்தில் அம்முகம் தோன்றியபோதுதான் வழக்குத் தொடுத்தார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருத்துவத்துக்கு அளித்தார். இன்று சென்னை வணிக வளாகங்களில் சே முகம் தொங்குகிறது. வாங்கும் இளைஞனைக் குறை சொல்வதற்கில்லை. அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவனை ஈர்க்கிறது, அந்த ஈர்ப்பு வீணன்று. விற்பவன் தான் விற்பது யார் முகம் என்று கவலைப்படுவதில்லை.

2019 ஜனவரியில் பிரிட்டனில் வெளியான செய்தி இன்னும் கசப்பானது. பெண் சமத்துவத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஸ்பைஸ் கேர்ள்ஸ் இசைக்குழுவின் பெயரில் 19.40 பவுண்டுக்கு விற்கப்பட்ட டி-சர்ட்டுகள், வங்கதேசத்தில் மணிக்கு 35 பென்ஸ் பெற்ற பெண்களால் தைக்கப்பட்டிருந்தன. வாசகம் மார்பில் இருந்தது. கூலி தையலில் ஒளிந்திருந்தது.

எதிர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1997 மார்ச்சில் லிவர்பூல் அணியின் ராபி ஃபவுலர் கோல் அடித்ததும் மேற்சட்டையை உயர்த்தினார். உள்ளே அணிந்திருந்த டி-சர்ட்டில், வேலைநீக்கம் செய்யப்பட்ட 500 லிவர்பூல் துறைமுகத் தொழிலாளருக்கு ஆதரவான வாசகம். துறைமுகத் தொழிலாளர் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவே வரும் இரண்டு எழுத்துகள், புகழ்பெற்ற ஆடை நிறுவனமான கால்வின் கிளைனின் இலச்சினை வடிவில் அச்சிடப்பட்டிருந்தன. சே முகத்தைச் சந்தை எடுத்துக்கொண்டது. இங்கே சந்தையின் முத்திரையைத் தொழிலாளர் எடுத்துக்கொண்டனர். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு ஃபவுலருக்கு 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. விளம்பரம் அச்சிட்ட சட்டையோடு முழு ஆட்டமும் ஓடியதற்கு அபராதம் கிடையாது.

நம் ஊருக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழியிடம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவர் ‘நீங்கள் இந்தியரா’ என்று கேட்டதும், அடுத்த மாதம் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர்களும் ‘ஹிந்தி தெரியாது போடா’, ‘நான் தமிழ் பேசும் இந்தியன்’ என்ற பனியன்களோடு படம் வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. சில நாட்களில் அந்த வாசகம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. அடக்குமுறைக்கு எதிராக மூன்று சொற்களில் எழுந்த அந்த எள்ளல் நியாயமானது. அதைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள், இந்தி தெரியாத தமிழ்நாட்டு மருத்துவர்களைப் பயிற்சி வகுப்பை விட்டு வெளியேறச் சொன்ன ஆயுஷ் செயலாளரைக் கண்டு சுளித்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பனியனைத் தைத்தது யார்? நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் தரும் திருப்பூரில் இன்று கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் இயந்திரத்திலும் செக்கிங்கிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பல்லாயிரவர் உழைக்கின்றனர். ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற வாசகம் ஏறிய துணியை, இந்தியைத் தவிர வேறொன்றும் அறியாத கைகள் மடித்துப் பெட்டியில் அடுக்கியிருக்கக் கூடும். அந்த ‘போடா’ அவரை நோக்கியதன்று. அதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு பனியனுக்கு இல்லை, தொழிற்சங்கத்துக்கு உண்டு. 2023 மார்ச்சில், வட இந்தியத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டபோது அச்சத்தில் மூட்டை கட்டி ரயில் நிலையத்துக்கு ஓடியவர்கள் இவர்களே. பொய்யைப் பரப்பியவர்கள் இந்தியின் காவலராகத் தம்மைக் காட்டிக்கொண்டனர். ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் பீகார்த் தொழிலாளியின் பீஸ் ரேட் பற்றி அவர்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

1984இல் இதே திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அன்று யாருடைய மார்பிலும் வாசகம் இல்லை. அழுக்குப் பனியன்களே இருந்தன. இன்று உலகின் எல்லா வாசகங்களையும் அச்சிடும் நகரத்தில், ஒப்பந்தக்காரரின் கீழ்ச் சிதறிக் கிடக்கும் தொழிலாளி தன் கோரிக்கையை உரக்கச் சொல்ல அஞ்சுகிறார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரியின் சுமை முதலில் இறங்கியதும் அவர் முதுகில்தான்.

இனி மின்னி பே. போர்ட் பிளேயர் நகரின் கடலோரப் பகுதிகளுள் ஒன்று. கடற்படையினர் வாழும் இடம். நாடு முழுவதிலிருந்தும் மாற்றலாகி வருபவர்களும், தலைமுறைகளாக வேரூன்றியவர்களும் கலந்து புழங்கும் நகரம் அது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களுள் வங்காளம் பேசுவோர் 28.49 விழுக்காடு, இந்தி பேசுவோர் 19.29, தமிழ் பேசுவோர் 15.20, தெலுங்கு பேசுவோர் 13.24. கூலிகளாகவும் வணிகர்களாகவும் சென்ற தமிழரோடு, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழரும் அங்கே உண்டு.

இந்தத் தமிழரிடம் போய் ‘ஹிந்தி தெரியாது போடா’ பனியனைக் கொடுத்தால் அவர் சிரிப்பார். அவருக்கு இந்தி தெரியும். வங்காளி மீன்காரரோடும் தெலுங்கு ஓட்டுநரோடும் ராஞ்சியிலிருந்து வந்த ஆதிவாசித் தொழிலாளரோடும் அவர் பேசுவது இந்தியில்தான். இலக்கணம் உதிர்ந்து, எல்லா மொழிகளின் சொற்களும் ஒட்டிக்கொண்ட தீவு இந்தி. எந்த ஆட்சிமொழிக் குழுவும் அதைத் திணிக்கவில்லை. ஒன்றாக உழைத்தவர்கள் தங்களுக்குள் ஆக்கிக்கொண்ட மொழி அது. தில்லியின் சுற்றறிக்கை இந்தியோ வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்துவோர், ‘அந்தமான் தமிழன் பேசவில்லையா’ என்று தமிழ்நாட்டிடம் கேட்பதுண்டு. அவன் அடுத்த வீட்டுக்காரனோடு பேசுகிறான் என்பதே அதற்கு விடை. அவனுடைய பிள்ளைக்குத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் உண்டா என்பதை அந்தக் கேள்வியாளர்கள் விசாரித்துவிட்டு வரட்டும்.

தீவின் மார்பில் தில்லி எழுதுவது நின்றபாடில்லை. 2018 டிசம்பரில் மூன்று தீவுகளுக்குப் பெயர் மாற்றப்பட்டது. 2023 ஜனவரியில் 21 தீவுகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆயிற்று. சோழர் கடற்படை இங்கே தளம் கொண்டிருந்தது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா காரணமும் உரைத்தார். காலனிய அதிகாரியின் பெயர் போவதில் யாருக்கும் கண்ணீர் இல்லை. சோழனின் பெயரால் மாற்றப்பட்ட நகரில் வாழும் தமிழரை, வங்காளியை, நிக்கோபாரியரை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்க அங்கே சட்டமன்றமே கிடையாது. தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து மக்களவையில் ஓர் இடம். தமிழ்நாட்டின் 39 இடங்கள் சுருங்குமா என்று அஞ்சுபவர்கள், ஒற்றை இடத்தோடு துணைநிலை ஆளுநரின் கீழ் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை மின்னி பேயில் கண்டறியலாம்.

அந்த ஆட்சி உழைப்பாளியை எப்படி நடத்துகிறது என்பதற்கு நீதிமன்றப் பதிவே சான்று. தீவு நிர்வாகத்தின் கீழ்ப் பணியாற்றும் தினக்கூலி மஸ்தூர்களுக்கு உயர்த்தப்பட்ட கூலியும் அகவிலைப்படியும் வழங்குமாறு பிறப்பிக்கப்பட்ட உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு, தலைமைச் செயலரைப் பணியிடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. இந்திய நிர்வாக வரலாற்றில் அரிதான உத்தரவு. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உயர் அதிகாரிக்கு ஒரே நாளில் கிட்டிய நிவாரணம், மஸ்தூருக்கு எத்தனை ஆண்டுகளாகக் கிட்டவில்லை என்பதை வழக்குக் கட்டுகள் சொல்லும்.

டி-சர்ட்டில் அச்சிட வாசகம் தேடும் தீவு இளைஞர்கள் அந்தக் கட்டுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். தினக்கூலிக்காரர் கேட்ட தொகையை எண்ணாக, பெரிதாக, மார்பின் நடுவே அச்சிடலாம். ஒரு காலத்தில் கைதி எண் தொங்கிய அதே இடத்தில். கீழே தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் அந்தத் தீவு இந்தியிலும் ஒரு வரி எழுதலாம். திருப்பூரில் தைக்கக் கொடுக்கலாம், தைப்பவருக்குப் பஞ்சப்படி தரும் ஆலையாகப் பார்த்து.